வாங்கும் முன்னும் பின்னும்: மினுக்கும் விளக்கு, மாற்றச் சொல்லும் கராஜ்

(கடிதங்கள் இடம் கருதிச் சுருக்கப்பட்டுள்ளன. இந்த முறை பாதிக்கு மேல் டிஃப் லாக் பற்றியவை. மலைப்பக்கம் மழை தொடங்கிவிட்டது போலும். விவரம் தெரியாதவர்களுக்கு: வளைவில் ஒரே அச்சின் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுவது டிஃபரன்ஷியல். அந்த இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டுவதுதான் டிஃபரன்ஷியல் லாக், சுருக்கமாக டிஃப் லாக். ஒரு சக்கரம் சேற்றில் வீணாகச் சுழலும்போது மற்றது இழுக்க வேண்டுமே, அதற்காக.)

டொயோட்டா ஹைலக்ஸ் வைத்திருக்கிறேன். பின் டிஃப் லாக் பொத்தானை அழுத்தினால் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது, நிலையாக எரிவதில்லை. ஆக்சுவேட்டரை (பூட்டைத் தள்ளும் மோட்டார்) மாற்ற வேண்டும் என்கிறார்கள் கராஜில். விலையைக் கேட்டுத் தலை சுற்றியது. மாற்றிவிடலாமா? (கோத்தகிரி)

எதை அளந்து பார்த்து அப்படிச் சொன்னார்கள் என்று முதலில் கேளுங்கள். பதில் வராது.

விளக்கு மினுக்கினால், உத்தரவு போய்விட்டது, பூட்டு இன்னும் விழவில்லை என்று பொருள். உள்ளே பல்லோடு பல் பொருந்தினால்தான் பூட்டு விழும். லோ ரேஞ்சில் (நான்கு சக்கர இயக்கத்தின் மெதுவான, இழுவை கூடிய கியர்) போட்டு, மண் தரையில் சில அடி முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். பாதிப் பேரின் 'கோளாறு' இதிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையென்றால், முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் அச்சைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். கியர் நியூட்ரலில், லோ ரேஞ்ச் விழுந்த நிலையில், எஞ்சினை அணைத்துச் சாவியை மட்டும் ஆனில் வையுங்கள். ஒருவர் பொத்தானை அழுத்தட்டும். நீங்கள் ஒரு பின் சக்கரத்தைக் கையால் அசையுங்கள். 'டக்' என்று சத்தம் கேட்டு, அதன்பின் இரு சக்கரமும் அசைய மறுத்தால் பூட்டு விழுந்துவிட்டது. அப்போதும் விளக்கு மினுக்கினால், குற்றவாளி டிஃபரன்ஷியல் கூட்டின் மேல் திருகியிருக்கும், பூட்டு விழுந்ததை விளக்குக்குச் சொல்லும் சிறு பொசிஷன் சுவிட்ச் அல்லது அதன் ஒயர். ஆக்சுவேட்டரோடு ஒப்பிட்டால் அற்ப விலை. ஒரு சக்கரத்தைச் சுற்றும்போது மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் பூட்டு விழவில்லை. அடுத்து மோட்டாருக்குப் போகும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

அங்கேதான் என் நெடுநாள் வயிற்றெரிச்சல் இருக்கிறது. பிளக்கில் மல்டிமீட்டரை வைத்து, "12 வோல்ட் வருகிறது, ஒயர் சரி, மோட்டார்தான் போச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். மீட்டர் எடுக்கும் மின்னோட்டம் அணுவளவு. பச்சைக் களிம்பு ஏறிய பிளக் முனையிலும் அது 12 காட்டும். மோட்டார் இழுக்கும்போதுதான் அந்தக் களிம்பில் வோல்ட்டேஜ் படுத்துவிடும். என் கருவிப் பெட்டியில் பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்று கிடக்கிறது, 21 வாட், இரண்டு ஒயர் பற்றவைத்தது. கழற்றிய பிளக்கின் மோட்டார் முனைகளில் அதை வைத்து, ஒருவரைப் பொத்தானை அழுத்தச் சொல்வேன். பளிச்சென்று எரிந்தால் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். மங்கினால் ஒயர், எர்த், அல்லது ரிலே (மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்). காசைக் கராஜில் கொட்டும் முன் இதைச் செய்யுங்கள். சென்சார் ஒயரில் மட்டும் பல்பை வைத்துவிடாதீர்கள், கம்ப்யூட்டர் கருகினால் நான் பொறுப்பில்லை.

இன்னொன்று. வண்டிக்கு அடியில் யாராவது ஃபாக் லேம்ப்புக்கோ ஹாரனுக்கோ ஒயரை வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருக்கிறார்களா பாருங்கள். அந்த டேப்புக்குள் ஒரு மழைக்காலத்துத் தண்ணீர் அப்படியே இருக்கும்.

லாக் போட்டதும் ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிகிறது. இதுவும் கோளாறா? (தேனி)

பல வண்டிகளில் அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். லாக்கை எடுத்த பிறகும் எரிந்தால் எழுதுங்கள்.

2020-இல் வந்த புதிய மஹிந்திரா தார் டீசல், நான்கு சக்கர இயக்கம். டிஃப் லாக் உண்டு என்றுதான் விற்றார்கள், ஆனால் பொத்தானே இல்லை. ஒரு உதிரிப்பொருள் கடையில் பொத்தான் பொருத்தித் தருகிறேன் என்றார்கள், முன்பணம் கொடுத்திருக்கிறேன். (ஈரோடு)

முன்பணத்தை இன்றே திரும்ப வாங்குங்கள். உங்கள் வண்டியில் இருப்பது இயந்திர வகை. இரு சக்கரங்களின் வேகம் நிமிடத்துக்கு 100 சுற்று அளவுக்கு வேறுபட்டால் தானே பூட்டிக்கொள்ளும். அதில் பொத்தானும் இல்லை, ஒயரும் இல்லை. அந்தக் கடைக்காரர் எதோடு பொத்தானை இணைப்பார் என்று பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

காற்றில் இயங்கும் டிஃப் லாக் பொருத்தியிருக்கிறேன். கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது. சோலனாய்டிலிருந்து (காற்றைத் திறந்து மூடும் மின் வால்வு) கியர் ஆயில் வேறு கசிகிறது. எலக்ட்ரீஷியன் ரிலேயை இரண்டு முறை மாற்றிவிட்டார். (வால்பாறை)

ரிலே என்ன பாவம் செய்தது? காற்று எங்கோ கசிவதால் அழுத்தம் நிரம்பவில்லை, அதனால் கம்ப்ரசர் நிற்பதில்லை. சோலனாய்டில் ஆயில் வருகிறதென்றால் டிஃபரன்ஷியலுக்குள் சீல் போய்விட்டது. எலக்ட்ரீஷியனை விட்டுவிட்டு அச்சைப் பிரிக்கத் தெரிந்தவரிடம் போங்கள்.

ஃபியூஸ் அடிக்கடி போனது. 20 ஆம்பியருக்குப் பதில் 30 போட்டேன், இப்போது போவதில்லை. ஆனால் லேசாகப் பிளாஸ்டிக் வாடை வருகிறது. (பெயர், ஊர் வேண்டாம்)

இந்தப் பக்கத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய் அந்த ஃபியூஸைப் பிடுங்குங்கள். மிச்சத்தைப் பிறகு பேசலாம்.

பழைய வண்டி விற்கும் டீலரிடம் ஒரு எஸ்யூவி வாங்கினேன். "லாக் எல்லாம் வேலை செய்யும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதியே கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஆக்சுவேட்டரைக் கழற்றினால் உறை மட்டும்தான், உள்ளே மோட்டாரே இல்லை. கேட்டால் சிரிக்கிறார். சேமிப்பெல்லாம் போட்டு வாங்கினேன். (திண்டுக்கல்)

சிரிக்கட்டும், நீங்கள் கலங்காதீர்கள். உங்கள் மேல் தவறில்லை. உறையைப் பிரித்துப் பார்த்து வண்டி வாங்குவார் யாரும் இல்லை.

அந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். கழற்றிய உறையை வண்டி எண்ணும் தெரியும்படி படமெடுங்கள். டீலருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் சரியாகவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, அதற்கு மேல் சிறு கட்டணம் உண்டு. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். டீலரிடம் வாங்கியதால் இந்த வழி இருக்கிறது. தனியாள் தன் சொந்த வண்டியை விற்றிருந்தால் இந்தக் கதவு திறக்காது.

நானும் இப்படி ஏமாந்தவன்தான். சென்னை புதுப்பேட்டையில் ஒரு கடையில் பழைய ஆக்சுவேட்டர் வாங்கினேன், 'டெஸ்ட் செய்தது' என்று சீட்டு ஒட்டியிருந்தது. வீட்டில் குலுக்கினால் கிலுகிலுப்பை. துரு ஏறி உறையிலிருந்து பெயர்ந்த காந்தத் துண்டுகள் உள்ளே உருண்டுகொண்டிருந்தன. கடையிலேயே ஒரு முறை குலுக்கியிருக்கலாம்.

லாக் வேலை செய்கிறதா என்று பார்க்க தார்ச் சாலையில் போட்டுக்கொண்டு வளைவில் திரும்பினேன். 'படார்' என்று ஒரு சத்தம். வாரண்டியில் வருமா? (சேலம்)

வராது. வரவும் கூடாது.