"அவரு சும்மா பேசுறாருங்க!"

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் நகர் குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு நான் செயலாளர். உறுப்பினர் ஒருவர், அறுபதைத் தாண்டியவர், 2015 வெள்ளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் வீடு வீடாகப் பால் பாக்கெட் கொண்டுபோய்க் கொடுத்தவர். சமீபமாக மாதக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, எதிர்க்கட்சிக்காரர்களை "நடுரோட்டுல வெட்டணும்", "வீட்டோட கொளுத்தணும்" என்கிறார். போன மாதம், "நம்ம தெருவுலேயே ஒருத்தன் இருக்கானே" என்றார். சிலர் சிரித்தார்கள். அந்தக் கட்சிக் குடும்பம் ஒன்று எங்கள் தெருவில் உண்டு. அவரை நீக்கச் சொல்கிறார்கள் சிலர். "அவரு சும்மா பேசுறாருங்க" என்கிறார்கள் மற்றவர்கள். வாட்ஸ்அப் குழுவுக்கும் நான்தான் அட்மின். என்மேல் வழக்கு வருமா என்றும் பயம்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர்

பதில்: சிரித்தவர்களில் நீங்களும் ஒருவரா? கோபிக்காதீர்கள், நானும் சிரித்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் குடியிருந்தபோது, எங்கள் தெருக் கோயில் விழாக் குழுவில் இப்படி ஒருவர் இருந்தார். தேர்தல் வந்துவிட்டால் போதும், யார் கையை எடுக்கணும், யார் காலை எடுக்கணும் என்று பட்டியல் போடுவார். நாங்கள் டீயை உறிஞ்சிக்கொண்டு சிரிப்போம். அவர் யாரையும் தொட்டதுகூட இல்லை. ஆனால் குழுவுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், அந்த இன்னொரு கட்சிக்காரர், மறு வருடம் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேலை அதிகம் என்றார். உண்மைக் காரணத்தை அவர் மனைவி வெகுநாள் கழித்துச் சொன்னார்: "அந்த ஆளு கத்துறது பழகிப்போச்சு. நீங்கல்லாம் சிரிச்சீங்க பாருங்க, அன்னைக்கு ராத்திரி அவரு தூங்கல."

அதனால் முதலில் அந்தக் குடும்பத்தின் கதவைத் தட்டுங்கள். கூட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். "நடந்தது தப்பு, சங்கம் அதை ஏற்கல" என்று வீட்டுக்குள் உட்கார்ந்து சொல்லிவிட்டு வாருங்கள். "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்ற வார்த்தை மட்டும் வாயில் வரக்கூடாது.

அடுத்தது அவர். "இந்தக் கட்சி டெபாசிட் இழக்கணும்", "ஊரைக் கொள்ளையடிச்சுட்டானுங்க" என்றெல்லாம் எவ்வளவு சூடாகப் பேசினாலும் பேசட்டும். சங்கத்தில் அரசியலே பேசக்கூடாது என்று விதி போடும் யோசனை வேண்டாம். கெடிலத்தில் வெள்ளம் வந்தால் யாரைப் போய்ப் பார்ப்பது என்பதே அரசியல்தானே? வெட்டு, குத்து, கொளுத்து என்று மனிதர்கள் உடம்புமேல் பேச்சு போவதைத்தான் நிறுத்த வேண்டும். "நம்ம தெருவுலேயே ஒருத்தன்" என்று சொன்னபோது அது விலாசம் வரைக்கும் வந்துவிட்டது. இனி அது சும்மா பேச்சு என்ற கணக்கில் சேராது.

அவரைக் கூட்டத்தில் வைத்துக் கண்டிக்காதீர்கள். அந்த வயதில் நாலு பேர் முன்னால் யாரும் இறங்கி வரமாட்டார்கள். இரண்டு பேராக அவர் வீட்டுக்குப் போங்கள், அதில் ஒருவர் கட்டாயம் அவருடைய கட்சிக்காரராக இருக்கட்டும். எதிர்க்கட்சி ஆள் சொன்னால் அது அரசியலாகிவிடும். "அவனுங்க மட்டும் பேசலையா?" என்று கேட்பார், கேட்காமல் இருக்கமாட்டார். அதற்கு உங்களிடம் நேர்மையான பதில் வேண்டும். அந்தப் பக்கத்து ஆள் இதே மாதிரி பேசியபோது விட்டிருக்கிறீர்களா என்று முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள். விட்டிருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். இனி யார் பேசினாலும் இதே விதி என்று அடுத்த செயற்குழுவில், எவர் பெயரும் போடாமல் தீர்மானம் எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

உங்கள் ஊர்க் கதை ஒன்று இருக்கிறதே! சமயம் மாறிய அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் தள்ளச் சொன்னான் பல்லவ அரசன். அவர் கரை சேர்ந்த இடம் கரையேறவிட்ட குப்பம். பிற்பாடு அந்த அரசனே அப்பர் பக்கம் வந்து சேர்ந்தான் என்கிறது புராணம். கட்சி மாறுவது நம் ஊரில் இன்று நேற்று வந்ததா என்ன?

நீக்குவது பற்றி: இப்போது வேண்டாம். வெளியே போனால் டீக்கடையில் இன்னும் சத்தமாகப் பேசுவார், சட்டையைப் பிடித்து இழுக்க ஆள் இருக்காது. ஆனால் எச்சரித்த பிறகும் தொடர்ந்தால் தயங்காதீர்கள். வெள்ளத்தில் செய்த உதவிக்கு மாலை போடலாம், மிரட்ட லைசென்ஸ் தர முடியாது. சங்கம் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவானது என்றால், துணைவிதியில் நீக்கத்துக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, விளக்கம் சொல்ல வாய்ப்பும் கொடுங்கள். அவசரப்பட்டால் அவர் தியாகி ஆகிவிடுவார்.

ஒருவேளை பெயர் சொல்லி, நாள் சொல்லி மிரட்டினால் அது சங்கத்து விவகாரமே அல்ல. அன்றைக்கே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவு குற்றமுறு மிரட்டல் பற்றியது. கொலை மிரட்டல் என்றால் 7 ஆண்டு வரை சிறை உண்டு.

உங்கள் அட்மின் பயத்துக்கு: உறுப்பினர் போட்ட பதிவுக்கு, அட்மின் என்ற ஒரே காரணத்தால் ஒருவரைப் பொறுப்பாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதற்காக அப்படிப்பட்ட பதிவுக்கு நீங்களே கைதட்டும் பொம்மை போட்டுவிடாதீர்கள். பார்த்ததும் அழியுங்கள். மிரட்டலாக இருந்தால் அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அப்புறம், அவர் வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போது, 2015-இல் அந்தக் குடும்பத்துக்கும் பால் பாக்கெட் கொடுத்தாரா என்று கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.