சடை பிடித்த ஷிட்சு: எதைச் சீவுவது, எதை மழிப்பது?

கேள்வி: எங்கள் ஷிட்சு நாய்க்கு இரண்டு வயது. மழைக்காலத்தில் ஒன்றரை மாதம் சரியாகச் சீவாமல் விட்டுவிட்டோம். இப்போது காதுக்குப் பின்னாலும் முன்னங்கால் இடுக்கிலும் முடி கட்டி கட்டியாகச் சடை பிடித்திருக்கிறது. குரூமிங் கடையில் 1,800 ரூபாய் கேட்கிறார்கள், அதுவும் மொட்டையடித்துவிடுவார்களாம். தேங்காய் எண்ணெய் தடவிக் குளிப்பாட்டினால் தானாக அவிழ்ந்துவிடும் என்கிறார் அத்தை. கத்தரிக்கோலால் நாங்களே வெட்டிவிடலாமா? பக்கத்து வீட்டில் பொமரேனியன் இருக்கிறது. இரண்டு வீடும் சேர்ந்து ஒரு ட்ரிம்மர் வாங்கினால் செலவு குறையுமா?
ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

பதில்: கத்தரிக்கோல் மட்டும் வேண்டாம். சடை இறுகும்போது அடியில் இருக்கும் தோலையும் மேலே இழுத்துக்கொள்ளும். முடி எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. காதுக்குப் பின்னாலும் கால் இடுக்கிலும் தோல் மெல்லியது, மடிப்பு மடிப்பாக வேறு இருக்கும். ஒரு வெட்டு விழுந்தால் தையல் போட வேண்டிவரும். அப்புறம் 1,800 ரூபாய் சின்னத் தொகையாகத் தெரியும்.

குளியலும் இப்போது வேண்டாம். சடையோடு நனைத்தால் அது காயும்போது இன்னும் இறுகும், நடுவில் ஈரமும் தங்கும். அத்தை சொல்கிற எண்ணெய் ஓரளவு வழுக்கலைத் தரும்தான். ஆனால் நாய் அதை நக்கும், தூசி அப்பிக்கொள்ளும், எண்ணெய் போக மறுபடி மறுபடி சோப்புப் போட வேண்டும். அதற்குப் பதிலாகச் சமையலறையில் இருக்கும் கார்ன்ஃப்ளவர் போதும். முகப் பவுடர் வேண்டாம், சப்பை மூக்கு நாய்க்கு அந்தத் தூள் ஆகாது.

ஷிட்சுவை ‘முடி கொட்டாத நாய்’ என்று சொல்லி விற்கிறார்கள். முடி கொட்டத்தான் செய்கிறது. கொட்டிய முடி தரையில் விழாமல் நீளமான முடிக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். உடம்பு உரசும் இடங்களிலெல்லாம் அது திரண்டு சடையாகிறது: காதின் பின்புறம், அக்குள், தொடையிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில், வாலடியில்.

இருக்கும் சடைகளை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள முடியை விலக்கிப் பாருங்கள். சடைக்கும் தோலுக்கும் நடுவில் சீப்பின் பல் தாராளமாக நுழைகிறது, சடை ஒரு சுண்டைக்காய் அளவுதான் என்றால் அவிழ்க்கலாம். தோலோடு ஒட்டிப் படர்ந்திருக்கிறது, அசைத்தால் தோலும் சேர்ந்து அசைகிறது என்றால் அதைக் காப்பாற்ற முயலாதீர்கள். நீங்கள் அழகுக்காகப் போராடும் அந்த ஒரு மணி நேரமும் நாய்க்கு வலி மட்டும்தான். அடுத்த முறை சீப்பைப் பார்த்ததுமே கட்டிலுக்கு அடியில் போய்விடும். முடி மூன்று நான்கு மாதத்தில் வளர்ந்துவிடும், அந்தப் பயம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

அவிழ்க்கக்கூடிய சடைக்கு: காய்ந்த சடையில் ஒரு சிட்டிகை கார்ன்ஃப்ளவரைத் தேய்த்து விடுங்கள். தோலை ஒட்டிய அடிப்பகுதியை ஒரு கையின் இரண்டு விரல்களால் அழுத்திப் பிடியுங்கள். இழுப்பு உங்கள் விரலோடு நிற்க வேண்டும், தோலுக்குப் போகக் கூடாது. மற்றக் கை விரல்களால் சடையைப் பக்கவாட்டில் பிய்த்துச் சின்னச் சின்னத் திரிகளாக்குங்கள். அப்புறம் சீப்பின் கடைசிப் பல்லால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வேர் பக்கம் வாருங்கள். வேரில் தொடங்கி இழுத்தால் சடை அவிழாது. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், ஓரிரு சடை, நடுநடுவே ஒரு துண்டு வேகவைத்த கோழி. உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது, உடம்பு விறைப்பது எல்லாம் ‘போதும்’ என்பதற்கான அடையாளம். உறுமினால் அதட்டாதீர்கள், அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். ஷிட்சுவைக் கழுத்துத் தோலைப் பிடித்து இறுக்கி அமுக்கக் கூடாது. இந்த இனத்துக்குக் கண்குழி ஆழம் குறைவு. இறுக்கிப் பிடித்துத் திமிறினால் கண் பிதுங்கி வெளியே வந்துவிடும் ஆபத்து நிஜமாகவே உண்டு. ஒருவர் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் வேலை செய்யட்டும்.

மழிக்க வேண்டியதற்கு, முடியை ஒட்ட வெட்டும் மின்கருவியான கிளிப்பர்தான் சரி. தலைமுடிக்கு வாங்கும் சாதாரண ட்ரிம்மர் சடையில் மாட்டி இழுக்கும், சீக்கிரம் சூடாகும். நாய்க்கான கிளிப்பரில் 10ஆம் எண் பிளேடு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் முடியை விட்டு வெட்டும், சடைக்கு அதுதான் பாதுகாப்பு. பல் இடைவெளி அகலமான பிளேடில் தோல் மடிப்பு சிக்கிக் கிழியும். ஒரு கையால் தோலை நீவி இறுக்கி, பிளேடைத் தோலின் மேல் படுத்தவாறு வைத்து, சடைக்கு அடியில் மெதுவாக நுழையுங்கள். அடிக்கடி பிளேடை உங்கள் மணிக்கட்டில் வைத்துச் சூடு பாருங்கள். அக்குளுக்குக் காலை முன்பக்கமாக நீட்டுங்கள், பக்கவாட்டில் விரிக்காதீர்கள். காது மடலின் ஓரத்தில் சின்னப் பை போல ஒரு தோல் மடிப்பு இருக்கும், அங்கே மிகுந்த கவனம் தேவை. காதில் பெரிய சடையை எடுத்தபின் நாய் தலையை விடாமல் உதறினால் மடலுக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளலாம். மடல் பை போல வீங்கினால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இப்போது பணம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டு அக்குளும் காதும் சேர்ந்து பிடித்திருக்கிறது. ஒரே ஒருமுறை கடைக்குப் போவதுதான் என் யோசனை. ஆனால் முழு பேக்கேஜ் வாங்காதீர்கள். குளியல், நகம், காது சுத்தம் எல்லாம் சேர்த்துத்தான் பெரும்பாலும் அந்தத் தொகை வரும். ‘கிளிப்பர் வேலை மட்டும் எவ்வளவு?’ என்று கேளுங்கள். இரண்டு மூன்று கடையில் கேட்டால் வித்தியாசம் தெரியும். மொட்டையைப் பார்த்து வருத்தப்பட வேண்டாம். சில நாள் நண்பகல் வெயிலில் மொட்டை மாடியில் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும். அதற்குப் பிறகு முடியை இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வளர விடாதீர்கள். படத்தில் பார்க்கிற, தரையைத் தொடும் முடி தினமும் நேரம் ஒதுக்க முடிந்தவர்களுக்கு மட்டுமே.

சடைக்கு அடியில் நாற்றம், கசிவு, புண், கூட்டமாக உண்ணி, புழு, இவற்றில் எது இருந்தாலும் கடைக்கும் போகாமல் நேராகக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். மழைக்காலத்தில் அழுக்குச் சடையில் ஈ முட்டையிட்டுப் புழு வைப்பது நம் ஊரில் நடப்பதுதான். தொடவே விடவில்லை என்றாலும் மருத்துவர்தான் மயக்கம் கொடுத்து மழிக்க வேண்டும். வீட்டில் இருக்கும் எந்த மாத்திரையையும் கொடுத்துத் தூங்கவைக்கப் பார்க்காதீர்கள். செலவைக் குறைக்க அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. உங்களுக்குப் பக்கத்தில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் சிகிச்சைப் பிரிவு உண்டு.

இனிமேல் வாங்க வேண்டியவை இரண்டே: ஒரு பாதி நெருக்கமாகவும் மறு பாதி அகலமாகவும் பல் உள்ள ஸ்டீல் சீப்பு, மெல்லிய கம்பிப் பற்கள் நெருக்கமாக உள்ள ஒரு ஸ்லிக்கர் பிரஷ். சில நூறு ரூபாய்க்குள் இரண்டும் கிடைக்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சீப்பை வாங்குங்கள். பிரஷ் மேல்முடியைப் பஞ்சு போலாக்கிக் காட்டிவிடும், அடியில் சடை அப்படியே இருக்கும். சீப்பு வேரிலிருந்து நுனி வரை தடையில்லாமல் ஓடினால்தான் சீவியதாக அர்த்தம். முடியை வகிடு எடுத்து, மேலே இருப்பதைக் கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, கீழிருந்து வரிசை வரிசையாகச் சீவிக்கொண்டே மேலே வாருங்கள். தினமும் முழு உடம்பையும் சீவ நேரம் இல்லையென்றால் மேலே சொன்ன ஐந்து இடங்களை மட்டுமாவது பாருங்கள். வீட்டுக்குள் இருக்கும்போது கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள், கழுத்தில் சடை குறையும். வெளியே போய்வந்தால் நாயுருவி, நெருஞ்சி ஒட்டியிருக்கிறதா என்று விரலிடுக்கில் தடவிப் பாருங்கள்.

குளிப்பாட்டும் முன் சீவுங்கள், பின்பும் சீவுங்கள். நம் தோலைவிட நாயின் தோலில் அமிலத்தன்மை குறைவு, அதனால் நம் ஷாம்பு அதற்குப் பொருந்தாது. சீயக்காய் அந்தப் பெரிய கண்ணில் பட்டால் எரியும். டெட்டால், பினாயில் பக்கமே போகாதீர்கள். நாய் ஷாம்புவை ஒரு மக் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் ஒரு பாட்டில் வெகுநாள் வரும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, சீவிக்கொண்டே வேர் வரை காயவையுங்கள். ஹேர் டிரையர் என்றால் குளிர்காற்றில் மட்டும். சப்பை மூக்கு நாய்க்குச் சூடு சீக்கிரம் ஏறிவிடும்.

பக்கத்து வீட்டோடு சேர்ந்து நாய்க்கான கிளிப்பர் வாங்குவது நல்ல யோசனைதான். ஒவ்வொரு முறையும் பிளேடைக் கழற்றி, முடியைத் துடைத்து, கிருமிநாசினி போட்டு, எண்ணெய் விட்டு வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாயின் படர்தாமரை இன்னொன்றுக்கும் வரும், உங்களுக்கும் வரும். ஆனால் அவர்களிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: பொமரேனியனை வெயிலுக்காக மொட்டையடிக்கக் கூடாது. அதற்கு உள்முடி, வெளிமுடி என்று இரண்டு அடுக்கு. ஒட்ட மழித்தால் சில நாய்களுக்கு மாதக்கணக்கில் முடி திரும்பாமல் திட்டுத் திட்டாக நின்றுவிடும். அதற்கு வாரம் இரண்டு மூன்று முறை சீவல், பாதத்திலும் ஆசனவாய்ப் பக்கத்திலும் மட்டும் கிளிப்பர்.