வாசகர் கேள்வி – பதில்: ஊர்க் கழிவுநீரும் கீழூர் ஏரியும்

கேள்வி: எங்கள் ஊரில் ஏறத்தாழ இருநூறு வீடுகள். சாக்கடை நீர் இப்போது ஏரியின் வரத்துக் கால்வாயில்தான் விழுகிறது. அதைச் சுத்திகரிக்கச் சிறு நிலையம் அமைக்க ஊராட்சி முடிவெடுத்துள்ளது. ஆனால், எங்கள் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வெளியேறும் உபரிநீரை நம்பியிருக்கும் கீழூர்க்காரர்கள் எதிர்க்கிறார்கள். அவர்களது அச்சம் நியாயமானதா?
– வாசகி ஒருவர், கே.வி.குப்பம் வட்டம்

பதில்: நியாயமானதே. வாணியம்பாடி முதல் இராணிப்பேட்டை வரை தோல் தொழிற்சாலைக் கழிவால் கிணறுகள் கெட்டதையும், அதற்காக உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய் 1996-இல் தீர்ப்பு வந்ததையும் அறிந்த மக்கள், கழிவுநீர் என்றதும் பதறுவதைக் குறை சொல்ல முடியாது. ஆயினும் வீட்டுக் கழிவுநீரில் அந்தத் தொழிற்சாலைக் கழிவின் குரோமியம் இல்லை. இதில் உள்ள கேடு வேறு வகையானது, பெரும்பகுதி தடுக்கக்கூடியது.

ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குடிநீர் வழங்கினால், அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்பும். ஆயிரம் பேர் வாழும் உங்கள் ஊருக்கு அது ஏறத்தாழ 44,000 லிட்டர். படிவுத் தொட்டி, தடுப்புச் சுவர்கள் கொண்ட காற்றில்லாத் தொட்டி, கல்வாழையும் சம்பும் நட்ட ஜல்லிப் படுகை ஆகியவற்றின் வழியே இந்நீரைச் செலுத்தினால் நாற்றமும் கசடும் பெரும்பாலும் நீங்கிவிடும். ஆனால், தெளிவாகத் தெரியும் அந்த நீரிலும் நைட்ரஜனும் பாஸ்பரசும் கணிசமாக எஞ்சியிருக்கும். நோய்க்கிருமிகளும் முற்றிலும் ஒழிந்திருக்கமாட்டா.

ஆண்டு முழுவதும் ஓடும் ஆற்றில் இந்த மிச்சம் கரைந்துபோகும். நம் பாலாறோ பெரும்பாலான மாதங்களில் வெறும் மணல். ஏரியும் கோடையில் குட்டையாகச் சுருங்கிவிடுகிறது. அப்போது எஞ்சிய நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துகளால் பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டும். பகலில் பிராணவாயுவைத் தரும் அதே பாசி, இரவில் அதை உறிஞ்சிவிடுவதால், விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்; வெயில் ஏறுவதற்குள் சில செத்து மிதக்கும். இதைக் கண்டவர்கள் நஞ்சு கலந்துவிட்டதாக எண்ணுவது இயல்பு.

ஆகவே, நிலையத்தின் கடைக்குழாயை ஏரியிலோ கால்வாயிலோ விடவே கூடாது என்பதே என் உறுதியான கருத்து. கால்வாயில் இப்போது விழுவது சுத்திகரிக்கப்படாத நீர் என்பதால், திட்டத்தையே நிறுத்துவது கீழூருக்கும் நன்மை தராது. நீரைத் திருப்பிவிடுமாறு அவர்கள் கேட்பதே பொருத்தம். தென்னந்தோப்புக்கோ தீவனப் புல்லுக்கோ பாய்ச்சினால், ஏரியைக் கெடுக்கும் அதே சத்து பயிருக்கு உரமாகும். கீரை, கொத்தமல்லி போன்று பச்சையாக உண்பவற்றுக்கு மட்டும் பாய்ச்ச வேண்டாம். மழைக்காலத்தில் நிலம் நீர் கேட்காது. அந்த வாரங்களுக்குத் தேக்கக் குட்டை ஒன்று திட்டத்திலேயே இருக்கவேண்டும். தொட்டியில் படியும் கசடை யார் அள்ளுவது, எங்கே கொட்டுவது என்பதையும் கிராமசபையில் இப்போதே தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள். கட்டி முடித்த நிலையங்கள் வீணாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: வீட்டு உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும்? நீரைக் காய்ச்சிக் குடித்தால் போதுமா?
– வாசகர் ஒருவர், அணைக்கட்டு

பதில்: கழிப்பறைத் தொட்டி நீர் இறங்கும் குழியாயின் 20 மீட்டருக்குக் குறைய வேண்டாம். உங்கள் பகுதியில் மேல்மண் மெல்லியது. அடியில் பிளவுபட்ட பாறை. மணலில் மெதுவாக வடிகட்டப்படும் நீர், பாறைப் பிளவில் வடிகட்டப்படாமலே ஓடிவிடும் என்பதால், இடமிருந்தால் இன்னும் தள்ளியே தோண்டுங்கள். கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கமாகவும் இருக்கட்டும். காய்ச்சுவதால் கிருமிகள் சாகும். ஆனால், கழிவிலிருந்து கிணற்றுநீரில் கலக்கும் நைட்ரேட் உப்பு போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும். ஒரு லிட்டரில் 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருந்தால் அந்த நீரைக் கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்கப் பயன்படுத்தக் கூடாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில், மழைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் சோதித்துப் பாருங்கள்.