நின்றுபோன வேலை, நிற்காத போன்

கேள்வி: கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். உப்பளத்துப் பெண்களுக்குக் குழு அமைப்பது, தொழிலாளர் நலவாரியத்தில் பதிவது, பென்ஷன் மனு எழுதுவது என்று ஏழு வருடம் ஓடியது. நிதி இல்லை என்று மார்ச்சோடு எங்களை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெண்கள் இன்னும் தினமும் போன் செய்கிறார்கள். எடுத்தால் அழுகை வருகிறது, எடுக்காவிட்டால் கைவிட்டுவிட்டோமே என்று உறுத்துகிறது. வீட்டிலோ, "வேற வேலையா இல்ல?" என்கிறார்கள்.
- ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வீட்டில் சொல்வதைக் கொஞ்ச நாள் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வீசிய அந்தக் காற்று, கூரையையும் தென்னையையும் சேர்த்து வாரிக்கொண்டு போன ஊர்களில் வேலை பார்த்தவர் நீங்கள். அதை ஒரு வாரத்தில் மறக்க முடியாது. அழுகை வந்தால் அழுங்கள்.

ஆனால் கைவிட்டது நீங்கள் அல்ல. உங்கள் நிறுவனத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று எழுதவில்லை. வெளிநாட்டு நிதி என்றால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை 2020-இல் திருத்திய பிறகு ஒரு அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொன்றுக்குப் பிரித்துத் தர முடியாது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகிவிட்டது. பெரிய அமைப்புகளை நம்பியிருந்த சின்ன அமைப்புகளுக்கு அது பெரிய அடி.

அப்புறம் அந்த போன். எடுங்கள். ஆனால் பஸ் ஏறாதீர்கள். நலவாரிய அட்டையைப் புதுப்பிக்க வேண்டும் என்றால் என்னென்ன காகிதம் வேண்டும், எந்த இ-சேவை மையம் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு குழுவிலும் எழுதப் படிக்கத் தெரிந்த, அதிகாரியிடம் வாய்திறந்து பேசுகிற பெண் ஒருத்தி இருப்பாள். அடுத்தவர்களை அவளோடு அனுப்புங்கள். மழைக்காலத்தில் உப்பளம் நின்றதும், அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணத்தைக் கேட்டுத்தான் உங்களுக்குப் போன் குவியும். அதற்கு முன்பே அவளைத் தயார் செய்துவிடுங்கள். எல்லாவற்றையும் நீங்களே போய் முடித்துக் கொடுத்தால் சம்பளமில்லாத களப்பணியாளர் ஆகிவிடுவீர்கள். அந்தப் பெண்களுக்கும் அது நல்லதில்லை. "அக்கா இல்லாம நடக்காது" என்று கேட்பது நமக்கு இனிக்கும்தான், சரி. அந்த இனிப்பும் சேர்ந்துதான் இப்போது வலிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்த இடத்தில், தொடர்ந்து ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு 15 நாள் சம்பளம் வர வேண்டும். மாதத்தை 26 நாளாக வைத்துத்தான் கணக்கு; கடைசி அடிப்படைச் சம்பளம் 13,000 என்றால் வருடத்துக்கு 7,500, ஏழு வருடத்துக்கு 52,500 ரூபாய். சேவை செய்யும் இடத்தில் காசு கேட்பதா என்று கூச்சப்படாதீர்கள். ஊருக்கெல்லாம் மனு எழுதிய கை, தனக்கும் ஒன்று எழுதட்டும். தட்டிக்கழித்தால் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது. பிஎஃப் கணக்கில் எல்லா மாதமும் பணம் கட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

அடுத்த வேலைக்கு மகளிர் திட்டத்தின் வட்டார அலுவலகத்தில் விசாரியுங்கள். குழு நடத்தத் தெரிந்தவர்கள் அங்கே தேவைப்படுவார்கள். எத்தனை குழு, எவ்வளவு வங்கிக் கடன் வாங்கிக் கொடுத்தீர்கள் என்று எண்ணிக்கையோடு எழுதிய அனுபவச் சான்றிதழை இந்த மாதமே வாங்கிவிடுங்கள். நிறுவனம் அலுவலகத்தைக் காலி செய்துவிட்டால் கையெழுத்துப் போட ஆள் கிடைக்காது.