கிளப் மாறிக்கொண்டே இருக்கும் கால்பந்து வீரர் தோற்றவரா? மைக்கேல் பிரவுனை வைத்து ஒரு பதில்

"மூன்று ஆண்டுக்கு ஒரு கிளப் என்று மாறிக்கொண்டே இருக்கும் வீரர்கள் எங்கும் நிலைக்கத் தெரியாதவர்கள்தானே?" என்பது கேள்வி. நான் அப்படி நினைக்கவில்லை. கல்லூரி அணியில் நடுக்களத்தில் ஆடியவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் வலிக்கவும் செய்கிறது. இங்கிலாந்தின் மைக்கேல் பிரவுனை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். இங்கிலாந்து சீனியர் அணிக்கு அவர் ஒருமுறைகூட ஆடியதில்லை. ஆனால் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், லோனில், அதாவது தற்காலிகமாக இரவல் போனவற்றையும் சேர்த்து ஒன்பது கிளப்புகளின் நடுக்களத்தில் நின்றிருக்கிறார்.

1977இல் ஹார்ட்டில்பூலில் பிறந்த பிரவுன், 1995இல் மான்செஸ்டர் சிட்டியின் முதல் அணிக்கு வந்தார். இன்றைக்கு இருக்கும் சிட்டியை மனத்தில் வைத்து அதைப் பார்க்கக் கூடாது. அவர் வந்த முதல் சீசனிலேயே இங்கிலாந்தின் முதல்நிலை டிவிஷனான பிரீமியர் லீகிலிருந்து இறங்கிய கிளப் அது. 1998இல் மூன்றாம் நிலைக்கே போய்விட்டது. 1999 மே 30 அன்று வெம்பிளியில் ஜில்லிங்ஹாமுக்கு எதிராக நடந்த, மேல் டிவிஷனுக்கு ஏறுவது யார் என்று தீர்மானிக்கும் பிளே-ஆஃப் இறுதிப் போட்டியில், ஆட்டம் முடியும் தறுவாயில் 0–2 என்று பின்தங்கியிருந்த சிட்டி, இரண்டு கோல்களையும் திருப்பி அடித்துப் பெனால்டியில் வென்றது. அன்று களமிறங்கிய பதினொருவரில் பிரவுனும் ஒருவர். ஆனாலும் அந்த ஆண்டு முடிவதற்குள் போர்ட்ஸ்மத்துக்கு லோனில் அனுப்பப்பட்டு, அங்கிருந்து ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்குப் போய்விட்டார். மேலே ஏறும் கிளப் தன்னை ஏற்றிவிட்டவர்கள் எல்லாரையும் கூடவே கூட்டிக்கொண்டு போவதில்லை.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். வீரர் கிளப் மாறுவது பெரும்பாலும் அவருடைய மனநிலையைப் பொறுத்த விஷயமே அல்ல. ஒப்பந்தம் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத்தான் இருக்கும். ஜூன் 30 அன்று முடிந்துவிடும். 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த வீரரைப் பணம் கேட்டுப் பிடித்துவைக்கும் பழைய வழக்கம் படிப்படியாக மறைந்தது. இதனால் வீரருக்குச் சுதந்திரம் கிடைத்தது. அதே சமயம், பயிற்சியாளர் மாறினாலோ டிவிஷன் இறங்கினாலோ அவரைக் கழற்றிவிடுவது கிளப்புக்கும் எளிதாயிற்று. 2004 ஜனவரியில் டாட்டன்ஹாம் பிரவுனை வெறும் ஐந்து லட்சம் பவுண்டுக்கு வாங்க முடிந்ததற்குக் காரணம், ஷெஃபீல்டில் அவருடைய ஒப்பந்தம் முடிய இன்னும் சில மாதங்களே இருந்ததுதான். அந்த விலையை வைத்து அவர் ஆட்டத்தை எடைபோடுவது பெரிய தவறு.

ஏனென்றால் அதற்கு முந்தைய சீசன்தான் அவர் வாழ்வின் உச்சம். 2002–03இல் நீல் வார்னக் பயிற்சியாளராக இருந்த ஷெஃபீல்ட் யுனைடெட், இரண்டாம் நிலை டிவிஷனில் இருந்துகொண்டே லீக் கோப்பையில் அரையிறுதி வரை வந்து லிவர்பூலிடமும், எஃப்.ஏ. கோப்பையில் அரையிறுதி வரை வந்து அர்செனலிடமும் தோற்றது. நடுக்களத்திலிருந்து பிரவுன் அடித்த கோல்கள் மட்டும் இருபதைத் தாண்டின. முன்கள வீரருக்கே அது நல்ல கணக்கு. அந்த உழைப்பெல்லாம் மே 26 அன்று கார்டிஃபில் நடந்த பிளே-ஆஃப் இறுதியில் வந்து நின்றது. முதல் பாதியிலேயே வுல்வ்ஸ் மூன்று கோல் அடித்துவிட்டது. இரண்டாம் பாதி தொடங்கிச் சற்று நேரத்தில் ஷெஃபீல்டுக்குப் பெனால்டி கிடைக்க, பந்தைப் புள்ளியில் வைத்தவர் பிரவுன். வுல்வ்ஸ் கோல்கீப்பர் மேட் மரே அதைத் தடுத்துவிட்டார். ஆட்டம் 3–0 என்றே முடிந்தது. ஒன்பது மாதம் ஓடி ஓடிச் சேர்த்ததெல்லாம் பன்னிரண்டு கெஜத் தூரத்தில் போவதை அருகில் நின்று பார்ப்பது எப்படியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

கோல் அடிக்காத நாள்களில் இப்படிப்பட்ட வீரர் என்னதான் செய்கிறார் என்றும் சொல்ல வேண்டும், டிவியில் அது சரியாகத் தெரிவதே இல்லை. கோல்கீப்பர் நீளமாக உதைக்கிறார். இரண்டு பேர் தலையால் மோதுகிறார்கள். எல்லார் கண்ணும் அவர்கள்மீது இருக்க, பந்து எங்கே விழும் என்று முன்பே கணித்து இரண்டடி முன்னால் வந்து நிற்பவர் நடுக்கள வீரர். பக்கத் தடுப்பாட்டக்காரர் முன்னேறிப் போனால் அவர் விட்டுவிட்டுப் போன இடத்தை யாரும் சொல்லாமலே போய் அடைப்பவரும் அவரே. பந்து காலுக்கு வருவதற்குள் தோளுக்குப் பின்னால் இரண்டு முறை திரும்பிப் பார்த்திருப்பார். கடினமாக டாக்கிள் செய்பவர் என்று பிரவுன் பெயர் எடுத்ததும் இந்த வேலையில்தான். எனக்கு அவர் ஆட்டத்தில் பிடித்ததும் அதுவே.

டாட்டன்ஹாமுக்குப் பிறகு 2006இல் ஃபுல்ஹாம், 2007இல் விகன், 2009இல் போர்ட்ஸ்மத், 2011இல் லீட்ஸ், 2014இல் போர்ட் வேல் என்று வரிசை நீள்கிறது. லீட்ஸில் இருந்தபோது, ஷெஃபீல்டில் தன்னை ஆடவைத்த அதே வார்னக் பயிற்சியாளராக வந்து சேர, முப்பத்தைந்து வயதில் மறுபடியும் அவருக்குக் கீழே ஆடினார். போர்ட் வேலில் ஆட்டக்காரராகத் தொடங்கிப் பயிற்சியாளரானார். 2017இல் கடைசி நாள் ஆட்டம் 0–0 என்று முடிந்து கிளப் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது, செப்டம்பரில் பதவியும் போனது.

இவற்றில் நான் அதிகம் நினைத்துப் பார்ப்பது போர்ட்ஸ்மத்தைத்தான். 2010 பிப்ரவரியில் கடனில் மூழ்கி, திவாலாகும் நிறுவனங்களைக் கவனிக்கும் நிர்வாகியின் கைக்குப் போன முதல் பிரீமியர் லீக் கிளப் அது. அதற்குத் தண்டனையாக ஒன்பது புள்ளிகள் பறிக்கப்பட்டன, சம்பளம் தாமதமானது, கடைசி இடத்தில் முடித்து டிவிஷன் இறங்கியது. அந்த அணி, பிரவுனின் பழைய கிளப்பான டாட்டன்ஹாமை அரையிறுதியில் 2–0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பை இறுதிக்கு வந்தது. மே 15 அன்று வெம்பிளியில் எதிரில் நின்றது, லீக் பட்டத்தை அப்போதுதான் வென்றிருந்த செல்சி. போர்ட்ஸ்மத்துக்குக் கிடைத்த பெனால்டியை செல்சி கோல்கீப்பர் செக் தடுத்தார். சிறிது நேரத்தில் செல்சியின் ட்ரோக்பா ஃப்ரீ கிக்கில் கோல் அடித்தார். ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் போர்ட்ஸ்மத் கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பாக்ஸுக்குள் புகுந்த செல்சி வீரர் லம்பார்டைத் துரத்திப் போய் வீழ்த்தியது பிரவுன்தான். அந்தப் பெனால்டியை லம்பார்ட் வெளியே அடித்தார். ஸ்கோர் 1–0 என்றே நின்றது, பிரவுன் எழுந்து மறுபடியும் நடுக்களத்துக்கு ஓடினார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. அடுத்த சீசனிலும் அதே போர்ட்ஸ்மத்துக்காக இரண்டாம் நிலை டிவிஷனில் ஆடினார்.