நார்த்தூள் தொட்டிக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர்?

கேள்வி: மண் கனமாக இருக்கிறதே என்று இந்த முறை தொட்டிகள் எல்லாவற்றையும் தேங்காய் நார்த்தூளுக்கு மாற்றினேன். பாதி நார்த்தூள், பாதி மண்புழு உரம். நார்த்தூள் கட்டி வந்த உறையில் ‘இரண்டு நாளைக்கு ஒருமுறை’ என்று அச்சடித்திருக்கிறது. விற்றவர் வாரத்துக்கு இரண்டு தடவை போதும் என்றார். யூடியூபில் ஒருவர் தினமும் நான்கு வேளை விடச் சொல்கிறார். எனக்கோ காலையில் பார்த்தால் தொட்டியின் மேற்பகுதி காய்ந்து கிடக்கிறது, உடனே ஊற்றிவிடுகிறேன். ஆனாலும் தக்காளிச் செடி வாடுகிறது, கீழ் இலைகள் மஞ்சளாகின்றன. யார் பேச்சைக் கேட்பது?

பதில்: யூடியூப்காரரிடமிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் அதிகம். நாளைக்கு நான்கு வேளை விடுகிறவர்கள் பெரும்பாலும் வெறும் நார்த்தூளில், அதுவும் சற்றுக் கரடான ரகத்தில், சொட்டுநீர்க் குழாய் வைத்து வளர்ப்பவர்கள். அவர்கள் விடுவது வெறும் தண்ணீர் இல்லை, உரம் கரைத்த நீர். நார்த்தூளில் செடிக்கான சத்து அநேகமாகக் கிடையாது என்பதால் ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு போடுகிறார்கள். நீங்கள் மண்புழு உரம் கலந்து வைத்துக்கொண்டு பூவாளியால் வெறும் தண்ணீரை நான்கு வேளை விட்டால் நடப்பது இரண்டுதான். உரத்தில் இருக்கும் சத்து அடித்துளை வழியாக வெளியே போகும். வேருக்குக் காற்று கிடைக்காது.

உறையில் அச்சடித்தவருக்கு உங்கள் தொட்டி எத்தனை லிட்டர், அதில் இருப்பது நாற்றா காய்த்த செடியா, வெயில் படுகிறதா என்று எதுவும் தெரியாது. ஏதாவது ஒரு எண் போட வேண்டுமே என்று போட்டிருக்கிறார். விற்றவரும் அப்படித்தான்.

இப்போது உங்கள் தக்காளிக்கு வருவோம். நார்த்தூளின் மேல்தோலை நம்பவே கூடாது. காற்றும் வெயிலும் பட்டால் சில மணி நேரத்தில் மேலே ஒரு விரற்கடை வெளிறி, பொடிப்பொடியாகிவிடும். அதற்குக் கீழே பிழிந்தால் சொட்டும் அளவுக்கு ஈரம் இருக்கும். நானே இதில் ஏமாந்திருக்கிறேன். ஒரு மிளகாய்ச் செடிக்கு ‘ஐயோ, காய்ந்துவிட்டதே’ என்று மூன்று வாரம் தினமும் ஊற்றினேன். வாடியது. இன்னும் ஊற்றினேன். கடைசியில் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் மூன்றில் ஒரு பங்கு பிசைந்த சேறு மாதிரி இருந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பேறி, இழுத்தால் தோல் உரிந்து நரம்பு மட்டும் கையோடு வந்தது, சாக்கடை நாற்றத்தோடு. தண்ணீர் இல்லாமல் வாடுகிற செடியும், வேர் அழுகித் தண்ணீரை இழுக்க முடியாமல் வாடுகிற செடியும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். அதுதான் சிக்கல்.

பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. மதியம் வாடி மாலையில் தானாக நிமிர்ந்தால் அது வெயிலின் அசதி, விட்டுவிடுங்கள். விடியற்காலையிலேயே வாடி நின்று, தொட்டியும் கனமாக இருந்தால், வேருக்கு மூச்சு முட்டுகிறது. விடியற்காலையில் வாடி, தொட்டி லேசாக இருந்தால் தாகம். நீங்கள் தினமும் ஊற்றுவதையும் கீழ் இலை மஞ்சளாவதையும் வைத்துப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகை என்றுதான் நினைக்கிறேன். நாளைக் காலை ஊற்றாமல் முதலில் தூக்கிப் பாருங்கள்.

தூக்கிப் பார்ப்பது என்று சும்மா சொல்லவில்லை. நார்த்தூள் தொட்டிக்கு அதைவிட நல்ல அளவுகோல் இல்லை. நார்த்தூள் தன் எடையைப் போல எட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். 10 லிட்டர் தொட்டியை வெறும் நார்த்தூளால் நிரப்பினால், காய்ந்த நிலையில் உள்ளே இருப்பது முக்கால் கிலோவுக்கும் குறைவு. வயிறு நிறையக் குடித்தபின் அதுவே 6 கிலோவைத் தாண்டும். மண்ணில் இவ்வளவு வித்தியாசம் கைக்குத் தெரியாது, இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். உங்களுடைய பாதிக்குப் பாதிக் கலவையில் எண்கள் மாறும், ஆனால் முறை அதேதான். அடியில் வழியும்வரை தண்ணீர் விட்டு, அரை மணி நேரம் வடியவிட்டு, பயணப் பெட்டி எடைபோடும் கொக்கித் தராசில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். அந்த எடையைத் தொட்டியின் பக்கத்தில் எழுதிவையுங்கள். அதிலிருந்து தண்ணீரில் ஏறக்குறைய பாதி குறைந்ததும் அடுத்த முறை. பத்து நாளில் தராசு தேவைப்படாது, கையே சொல்லிவிடும். தூக்க முடியாத பெரிய தொட்டி என்றால் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். நுனியில் குளிர்ச்சியும் ஒட்டலும் இருந்தால் இன்றைக்கு வேண்டாம்.

சரி, ஒரு எண்ணாவது சொல்லுங்கள் என்பீர்கள். காய்க்கத் தொடங்கிய தக்காளி நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 1 முதல் 2 லிட்டர் வரை குடிக்கும். 10 லிட்டர் தொட்டியில் அதற்குத் தினமும் வேண்டும், வெயிலோடு காற்றும் அடித்தால் இரண்டு வேளைகூட. அதே தொட்டியில் நான்கு இலை விட்ட நாற்று இருந்தால் நான்கைந்து நாள் தாங்கும். வீட்டுக்குள் நிழலில் இருக்கும் இலைச்செடிக்கு ஒரு வாரம் பத்து நாள்கூட ஆகும். சுட்ட மண்தொட்டியும் துணியில் செய்த க்ரோ பேகும் பக்கவாட்டிலும் ஈரத்தை விடும், அதனால் பிளாஸ்டிக்கைவிடச் சீக்கிரம் காயும். இதெல்லாம் ஆரம்பத்துக்கு ஒரு பிடி. அப்புறம் எடைதான்.

ஊற்றும்போது அரைகுறையாகத் தெளிக்காதீர்கள். மெதுவாக ஒரு சுற்று, ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு சுற்று. ஊற்றியதில் பத்தில் ஒரு பங்காவது அடியில் வழியட்டும், தேங்கும் உப்பு அதோடு போகும். தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: நார்த்தூள் கட்டி வாங்கும்போது உறையில் எதைப் பார்க்க வேண்டும்? ஊறவைத்தால் வரும் பழுப்புத் தண்ணீர்தான் உப்பு என்கிறார்களே?

பதில்: பழுப்பு நிறம் உப்பு இல்லை. தேயிலைச் சாயம் போல நாரில் இருந்து இறங்கும் துவர்ப்புப் பொருள் அது. தெளிந்த தண்ணீரிலும் உப்பு இருக்கலாம், கருஞ்சாயத் தண்ணீரிலும் இல்லாமல் இருக்கலாம். நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் குழாய்த் தண்ணீரை ஒருமுறை அளந்துகொண்டு, அதே தண்ணீரில் நார்த்தூளை ஊறவைத்து வடித்ததை இன்னொருமுறை அளந்து பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் அது குறையும்வரை அலசுங்கள்.

உறையில் ‘லோ ஈ.சி.’ என்று இருந்தால் கழுவி உப்புக் குறைத்தது என்று பொருள். ‘பஃபர்டு’ என்பது அதற்கு அடுத்த படி. நார்த்தூள் துகள்கள் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இறுகப் பிடித்து வைத்திருக்கும், வெறும் தண்ணீரில் அலசினால் அது முழுக்க விடாது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்தால் கால்சியம் போய் அந்த இடத்தில் உட்காரும். இதைச் செய்யாத தூளில் நீங்கள் போடும் கால்சியத்தை முதலில் நார்த்தூள் எடுத்துக்கொள்ளும், மிச்சம்தான் செடிக்கு. தக்காளிப் பழத்தின் அடி கறுத்துப் போவதற்கு இதுவும் ஒரு காரணம், தண்ணீர் விடுவதில் ஒழுங்கில்லாதது இன்னொரு காரணம். பழச்செடிகளுக்கு என்றால் பஃபர்டு வாங்குவது நல்லது. பூச்செடிக்கும் கீரைக்கும் நன்றாகக் கழுவியதே போதும் என்பது என் அபிப்பிராயம்.

அளவையும் சரிபாருங்கள். 650 கிராம் கட்டி ஊறிப் பொரிந்தால் 8, 9 லிட்டர் வர வேண்டும். 5 கிலோ கட்டி 70 லிட்டர் சொச்சம். இதில் வெகுவாகக் குறைந்தால், நீங்கள் ஈரத்துக்கோ மணலுக்கோ காசு கொடுத்திருக்கிறீர்கள். கையில் எடுத்துத் தேய்த்தாலே மணல் நறநறக்கும்.

கேள்வி: தொட்டியில் குத்திப் பார்க்கும் ஈரப்பத மீட்டர் வாங்கலாமா?

பதில்: மலிவான இரட்டைக் கம்பி மீட்டர் வேண்டாம். அது ஈரத்தை நேராக அளப்பதில்லை, மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதைத்தான் அளக்கிறது. உரம் போட்ட மறுநாள் உப்பால் முள் ஏறும். நார்த்தூள் பொலபொலவென்று இருப்பதால் கம்பியோடு சரியாக ஒட்டாமல், ஈரமான தொட்டியிலும் ‘காய்ந்தது’ என்று காட்டும். அந்தக் காசுக்குக் கொக்கித் தராசே வாங்குங்கள், ஊருக்குப் போகும்போதும் உதவும்.

கேள்வி: அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியுமாமே?

பதில்: வடியாது. எந்தத் தொட்டியிலும் அடியில் ஓர் அடுக்கு எப்போதும் சொதசொதவென்று நிற்கும். கல்லைப் போட்டால் அந்த அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் பக்கத்தில் வரும், அவ்வளவுதான். வடிய வேண்டுமானால் கலவையை மாற்றுங்கள்: பொடி நார்த்தூளோடு நார்த்துண்டோ, பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல்பொரியோ மூன்றில் ஒரு பங்கு.

கேள்வி: பத்து நாள் வெளியூர் போய்த் திரும்பினேன். நார்த்தூள் சுருங்கித் தொட்டி ஓரத்தை விட்டு விலகிவிட்டது. ஊற்றினால் உடனே அடியில் கொட்டுகிறது. மாற்றிவிடவா?

பதில்: மாற்ற வேண்டாம். ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாகவே ஓடிவிடுகிறது, நடுவில் இருக்கும் உருண்டை நனைவதே இல்லை. தொட்டியை அப்படியே ஒரு வாளித் தண்ணீரில் முக்கால் உயரம் இறக்கி வையுங்கள். மேற்பரப்பு கருத்து ஈரம் தெரிய அரை மணி நேரம், சில சமயம் ஒரு மணி நேரம் ஆகும். எடுத்து நன்றாக வடியவிட்டு, ஓர இடுக்கில் கொஞ்சம் புதிய நார்த்தூளைத் திணித்துவிடுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தொட்டிகளை நிழலில் நெருக்கமாகச் சேர்த்து வைத்து, அடித்துளை வழியாக ஒரு பருத்தித் திரியை விட்டு, அதன் மறுநுனியைக் கீழே ஒரு டப்பாத் தண்ணீரில் போட்டுவிட்டுப் போங்கள். திரியை இன்றைக்கே ஒரு தொட்டியில் போட்டு, தண்ணீர் ஏறுகிறதா என்று இரண்டு நாள் பார்த்துவிடுங்கள். தடித்த நூல் சரியாக இழுக்கும், மெல்லிய நைலான் இழுக்காது.