ஒரு தடவையாவது குட்டி போடட்டும்னு காத்திருக்கணுமா?

கேள்வி: அக்கா, எங்க வீட்டுப் பொட்டப் பூனை பேரு மல்லி. 6 மாசம் முடிஞ்சு ஒரு வாரம் ஆகுது. முந்தாநாள் ராத்திரியில இருந்து குழந்தை அழற மாதிரி கத்துது, தரையில உருளுது, சரியா சாப்பிடல. வயித்து வலியோன்னு பயந்து டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினா, ஹீட்டுக்கு வந்திருக்கும்மா, கருத்தடை ஆபரேஷன் பண்ணிடுங்கன்னு சொன்னார். எங்க அத்தை, ஒரு தடவையாவது அது தாயாகட்டும், அப்புறம் பண்ணிக்கலாம், பாவம் பிடிக்கும்னு சொல்றாங்க. பக்கத்து வீட்டுல ஒரு ஊசி போட்டா அடங்கிடும்ங்கறாங்க. எப்பதான் பண்றது? - ஒரு வாசகி, திருச்சி.

பதில்: முதல்ல பயப்படாதீங்க தங்கச்சி, மல்லிக்கு வலி எதுவும் இல்ல. முன்னங்காலை மடக்கி நெஞ்ச தரையில வச்சு, பின்பக்கத்த மட்டும் தூக்கி, வாலை ஒரு ஓரமா ஒதுக்கிட்டு பின்னங்காலால மிதிச்சுக்கிட்டே இருக்காளா? முதுகுல கை வச்சா இன்னும் தூக்குவா. அதுதான் ஹீட், அதாவது கடுவனோட சேர உடம்பு தயாரா இருக்கற நேரம். பொதுவா ஒரு வாரம் இருக்கும், அடங்கும், கடுவன் கூட சேரலன்னா ரெண்டு மூணு வாரத்துல திரும்ப வரும். குளிர் நாட்டுல பனிக்காலத்துல பகல் குறையும்போது இது நின்னுடும், நம்ம ஊருல வருஷம் பூரா வெளிச்சம்தானே, அதனால வருஷம் பூரா வரும்.

நான் டாக்டர் இல்ல, ரொம்ப வருஷமா பூனைங்களோட வாழ்றவ, டாக்டருங்ககிட்ட நச்சரிச்சுக் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டத சொல்றேன். ஆபரேஷனுக்கு நல்ல நேரம்னா முதல் ஹீட்டுக்கு முன்னாடி, அதாவது 5 மாசத்துக்குள்ள. சில பூனை 4 மாசத்துலயே ஹீட்டுக்கு வந்துடும், அதான் அந்தக் கணக்கு. உங்களுக்கு அது கொஞ்சம் தாண்டிடுச்சு, பரவாயில்ல, ரொம்ப ஒண்ணும் தாண்டல.

அத்தை சொல்றது இரக்கத்துல சொல்றதுதான், எங்க அம்மாவும் அதேதான் சொன்னாங்க, நானும் கேட்டுக்கிட்டு எங்க கறுப்பிய விட்டுட்டேன். 65 நாள்ல 4 குட்டி போட்டா. பரண்ல இருந்து பீரோ பின்னாடி, அங்கிருந்து அரிசி மூட்டை இடுக்குன்னு ஒவ்வொண்ணா வாயில கவ்விக்கிட்டு ராத்திரியெல்லாம் மாத்திக்கிட்டே இருந்தா. மூணாவது நாள் ஒரு குட்டி சில்லுன்னு ஆயிடுச்சு, அதை எடுத்து உள்ளங்கையில வச்சு இங்க் ஃபில்லர்ல மாட்டுப்பாலை விட்டேன், பூனைக் குட்டிக்கு மாட்டுப்பால் ஒத்துக்காது, முதல்ல சூடுதான் கொடுக்கணும்னு அப்ப எனக்குத் தெரியாது, விடியறதுக்குள்ள போயிடுச்சு. மீதி மூணும் பால் குடிச்சுக்கிட்டு இருக்கும்போதே, ஆறாவது வாரம், கறுப்பி திரும்பவும் சினை. பால் கொடுக்கற பூனை சினையாகாதுன்னு நினைச்சுத்தான் நான் கதவைத் திறந்து விட்டது. அவ முதுகைத் தடவினா எலும்பு ஒவ்வொண்ணா விரல்ல தட்டுச்சு, அந்தத் தொடுதல் இன்னும் என் கையில இருக்கு. அத்தைகிட்ட இதைச் சொல்லுங்க. தாயாகணும்னு பூனைக்கு மனசுல ஏக்கம் எதுவும் கிடையாது, உடம்பு தள்ளுது, அவ்வளவுதான். குட்டி போட்டா உடம்புக்கு நல்லதுங்கறதும் உண்மையில்ல.

காத்திருந்தா நஷ்டம் இன்னொண்ணும் இருக்கு. பூனைக்கு மார்க்காம்புல கட்டி வந்தா பத்துல எட்டுக்கு மேல கேன்சராதான் இருக்கும். 2005ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வுல, 6 மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணின பூனைங்களுக்கு அந்த கேன்சர் வர்ற வாய்ப்பு 91 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு, ஒரு வயசுக்குள்ள பண்ணினதுக்கு 86 சதவீதம். ரெண்டு வயசுக்கு மேல பண்ணினா அந்தப் பலனே இல்ல. அதனால மல்லிக்கு இப்பவும் நேரம் இருக்கு, ஆனா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு விட்டீங்கன்னா இருக்காது. கர்ப்பப்பையில சீழ் பிடிக்கறதும் அப்படித்தான், கர்ப்பப்பையும் சினைப்பையும் எடுத்துட்டா அந்தப் பயமே இல்ல.

அந்த ஊசி மட்டும் வேண்டாம், கெஞ்சிக் கேக்கறேன். ஹீட்டை அடக்கற ஹார்மோன் ஊசியும் மாத்திரையும் மார்க்கட்டி, கர்ப்பப்பை சீழ், சர்க்கரை வியாதின்னு கொண்டு வந்து விட்டுடும்.

இப்ப என்ன பண்ணணும்னா, இந்த வாரம் ஜன்னல், மொட்டை மாடிக் கதவு எல்லாம் பூட்டி வைங்க, கத்தினாலும் விடாதீங்க, ரெண்டு நிமிஷம் போதும் கடுவனுக்கு. வீட்டுலயே கூடப்பிறந்த கடுவன் இருந்தாலும் தனி ரூம்ல போடுங்க, அண்ணன் தங்கச்சின்னு பூனைக்குத் தெரியாது. ஹீட் நேரத்துல ரத்தக்குழாய் எல்லாம் புடைச்சிருக்கும், ரத்தம் கொஞ்சம் கூடுதலா போகும், அதனால நிறைய டாக்டருங்க அடங்கட்டும்னு சொல்வாங்க, அனுபவம் உள்ளவங்க ஹீட்லயே பண்ணவும் செய்வாங்க. உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. அடங்கின பிறகுன்னு சொன்னா அன்னிக்கே தேதி வாங்கிடுங்க, அடுத்த ஹீட் வர ரெண்டு வாரம்தான் இருக்கு. ஒருவேளை மல்லி ஏற்கனவே வெளிய போயிட்டு வந்திருந்தா அதையும் மறைக்காம சொல்லிடுங்க.

தடுப்பூசி போட்டாச்சான்னு பாருங்க. எத்தனை மணி நேரம் பட்டினி போடணும்னு டாக்டர் சொல்றதை அப்படியே செய்யுங்க, குட்டிப் பூனைய ராத்திரி முழுக்க ரொம்ப நேரம் பட்டினி போட்டா சர்க்கரை இறங்கிடும். திரும்பி வரும்போது தள்ளாடிக்கிட்டு வரும், கண்ணு திறந்தே இருக்கும், பாக்கறப்ப நமக்கு அழுகை வந்துடும், கட்டில்மேல படுக்க வைக்காதீங்க விழுந்துடும், தரையில ஒரு பழைய காட்டன் புடவையை மடிச்சுப் போட்டு ஃபேனுக்கு நேரா இல்லாம ஓரமா படுக்க வைங்க. வயித்துலயோ விலாப் பக்கமோ முடி வழிச்சு தையல் இருக்கும், 10-14 நாள் அதை நக்க விடக்கூடாது, கழுத்துல கூம்பு மாட்டியே ஆகணும், ரெண்டாம் நாளே பாவம்னு கழட்டாதீங்க. வலிக்குதேன்னு வீட்டுல இருக்கற பாராசிட்டமாலை உடைச்சு மட்டும் கொடுத்துடாதீங்க, அரை மாத்திரை போதும் பூனை செத்துடும். டாக்டர் எழுதிக் கொடுக்கற வலி மருந்து மட்டும்தான். தையல் ஆறினப்புறம் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைங்க, ஆபரேஷனுக்கு அப்புறம் பசி கூடும் ஆனா உடம்புக்குத் தேவை குறையும், ஒரே வருஷத்துல உருண்டையாயிடும்.

செலவு யோசிச்சீங்கன்னா பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனையில பூனைக்குப் பண்றாங்களான்னு முதல்ல விசாரிங்க. தேதி வாங்கும்போது சனிக்கிழமை வேண்டாம், திங்கள் செவ்வாய் மாதிரி வாங்குங்க, மறுநாள் தையல்ல ரத்தம் கசிஞ்சாலோ மல்லி சாப்பிடாம சுருண்டு கிடந்தாலோ அதே டாக்டர் அங்க இருக்கணும்.